ஏழு கிலோபைட் காணவில்லை

அத்தியாயம் 6

மரியரட்ணத்தின் வீட்டு வாசல் படலையடியில் நின்ற சனம் வந்த இருவரையும் முறைத்தபடி வழிவிட்டது. கிழவர் ஒருவர் வேண்டுமென்றே அவர்களின் காலடியில் துப்பினார்.

"அண்ணை, செத்தவீட்டுக்குப் போனாலும் ஒரு தேத்தண்ணி கிடைக்கும். இஞ்சை கல்லுத்தான் கிடைக்கும் போலை," என்று நடராசா காதுக்குள் முணுமுணுத்தான்.

"வாயை மூடிக்கொண்டு வா," என்றார் தம்பிஐயா.

தம்பிஐயா ஒரு காலத்தில் பொலிசில் சப் இன்ஸ்பெக்டர். காக்கிச் சட்டையைக் கழற்றி வைத்து ஆண்டுகள் சில ஆகியும், பொலிஸ் இல்லாத ஊரில் சனம் தங்கள் வழக்குகளை அவரிடம்தான் கொண்டுவந்தது. நடராசாவுக்குச் சுன்னாகத்தில் ரேடியோ திருத்துகிற கடை. கொம்பியூட்டரும் கொஞ்சம் தெரியும். வாய் மட்டும் நிறையத் தெரியும். அந்த இரண்டுக்காகவும்தான் தம்பிஐயா அவனை இன்றைக்கு இழுத்துக்கொண்டு வந்திருந்தார்.

குருநகரில் அந்தக் கிழமை மூன்று சவப்பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வேதக் கோயிலுக்குள் போயிருந்தன. மூன்றும் இளம் பொடியன்கள். ஊரில் இளந்தாரிகளைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று பயந்த பெற்றவர்கள், அவர்களை வள்ளத்தில் அக்கரைக்கு, இந்தியாவுக்கு அனுப்பியிருந்தார்கள். குருநகர்க் கடலில் காவல் கூடிப்போனதால் வள்ளம் வடகரையில், தொண்டைமானாற்றுப் பக்கத்திலிருந்து புறப்பட்டது. அங்கே கரைக்குக் கொஞ்சம் அப்பால் கற்பார் ஒன்று, கடலுக்குள் நீண்ட பாறைத்திட்டு, கிடக்கிறது. கடல் ஏறியிருக்கும் நேரத்தில் மட்டும் அதன் நடுவே உள்ள ஒடுங்கிய வழியால் வள்ளம் தாண்டலாம். அந்த நேரத்தைக் கணக்குப் பார்த்துச் சொன்னது மரியரட்ணத்தின் வீட்டுக் கொம்பியூட்டர்.

முந்திய பயணங்களுக்கெல்லாம் சரியாகச் சொன்ன மெசின், இந்தமுறை மூன்று மணித்தியாலம் பிந்திச் சொல்லிவிட்டது. வற்றிய கடலில் வள்ளம் கல்லில் ஏறிப் பிளந்தது. ஓட்டி யாகப்பு மாத்திரம் வெறும் எண்ணெய்க் கான் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தான்.

வள்ளம் செபநாயகம் சம்மாட்டியாருடையது. செத்த மூவரில் ஒருவன் அவருடைய ஒரே மகன் ஸ்ரனிஸ்லாஸ். தம்பிஐயாவைத் தேடி வந்தவரும் அவர்தான்.

"மரியரட்ணம் பிழை விட்டானோ, இல்லாட்டி பொடியளை ஆருக்கும் வித்தானோ, எனக்குத் தெரியவேணும்," என்று காலையில் சொல்லியிருந்தார். "பொழுதுபட முன்னம் மறுமொழி சொல்லுங்கோ. அதுக்கு மேலை சனத்தை என்னாலை பிடிச்சு வைக்கேலாது."

மறுமொழி கிடைக்காவிட்டால் என்ன நடக்கும் என்று அவர் சொல்லவில்லை. படலையடியில் நின்றவர்களின் கைகளில் இருந்த தடிகளைப் பார்த்தபோது நடராசாவுக்கு அது விளங்கியது.

மரியரட்ணம் கப்பல்களில் ரேடியோ ஒப்பிசராக இருந்தவர். மனைவி இல்லை. சவரம் செய்யாத முகத்தோடு, திரு இருதயப் படத்துக்குக் கீழே கதிரையில் இருந்தார். அவர்கள் கேட்க முன்னமே சொன்னார்:

"நான்தான் இலக்கத்தைப் பிழையாய் அடிச்சனான். வேறை ஒண்டுமில்லை. போய்ச் சொல்லுங்கோ."

"எந்த இலக்கத்தை?"

"ஏதோ ஒண்டை."

"கப்பலிலை இருவது வரியம் மோர்ஸ் தட்டின கை," என்றார் தம்பிஐயா. "எந்த இலக்கம் பிழைச்சதெண்டு அந்தக் கைக்குத் தெரியாதோ?"

மரியரட்ணம் தலையைத் திருப்பி, மேசையில் மூடிக் கிடந்த மெசினைப் பார்த்தார்.

"சரி. மெசினைப் போட்டுக் காட்டுங்கோ."

சிங்கப்பூரில் வாங்கிய மெசின். தையல் பூப்போட்ட துணியால் மூடியிருந்தது. மரியரட்ணம் டிஸ்க்கைச் செருகி மின் ஆளியைத் தட்டினார். டிஸ்க் கறகறத்தது, நின்றது, திரும்பக் கறகறத்தது. கடல் ஏறும் நேரத்தைக் கணக்குப் பார்க்கும் புரோகிராம் வருவதற்குள் நடராசா இரண்டு தரம் கொட்டாவி விட்டான்.

"அண்ணை, இந்தியாவுக்கு நீந்திப் போறவன் இதுக்கு முந்திப் போய்ச் சேர்ந்திடுவான்," என்று சொன்னவன், மரியரட்ணத்தின் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"முந்தி இப்பிடி இல்லை," என்றார் மரியரட்ணம். "ஒரு மாசமாய்த்தான் மந்தம். பழசாய்ப் போச்சு."

அப்போது உள்ளேயிருந்து ஒரு பெண் பால் விடாத பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தாள். இருபது வயதிருக்கும். மரியரட்ணத்தின் மகள் யசிந்தா. வந்தவர்களை ஒருமுறை பார்த்தாள். மேசையில் இரைந்துகொண்டிருந்த மெசினை மட்டும் பார்க்காமல் உள்ளே போனாள்.

நடராசா கதிரையை இழுத்துப்போட்டு மெசினுக்கு முன்னால் இருந்தான். "மெசின் ஒரு மாசத்திலை கிழடாகாது. மனிசர்தான் ஆவினம். நிப்பாட்டிப் போடுறன், பொறுங்கோ."

மெசின் திரும்ப விழித்தபோது தன் மெமரியைத் தானே எண்ணி, திரையின் மூலையில் 640 என்று காட்டியது. நடராசா அதைச் சத்தமாக வாசித்தான். பிறகு கட்டளை ஒன்றைத் தட்டி, மெமரி எவ்வளவு இருக்கிறது என்று திரும்பக் கேட்டான். மெசின் நீட்டி முழக்கி ஓர் இலக்கத்தைக் கொடுத்தது. அதை அவன் மனதுக்குள் கிலோபைட்டாகப் பிரித்துப் பார்த்தான். இன்னொரு தரமும் பார்த்தான்.

"அண்ணை, எழும்பேக்கை 640 கிலோபைட். முகம் கழுவிப்போட்டு வரேக்கை 633. ஏழு கிலோபைட் காணேல்லை."

"எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லு."

"மெமரி எண்டது மெசின் வேலை செய்யிற மேசை எண்டு வையுங்கோ. அந்த மேசையின்ரை ஒரு மூலையைக் கூப்பிடாத ஆள் ஒருத்தன் பிடிச்சுக்கொண்டு இருக்கிறான். வாற போற டிஸ்க்கை எல்லாம் அவன் மறிச்சு மறிச்சுத்தான் விடுறான். அதுதான் மந்தம். உதுக்கு வைரஸ் எண்டு பேர்."

"அவன் கணக்கை மாத்துவானோ?"

"மாட்டான். உது சோம்பேறிச் சாதி. இடத்தைப் பிடிக்கும், தன்னைப் பெருக்கும். கணக்கிலை கை வைக்காது."

"அப்ப உவன் குற்றவாளி இல்லை," என்று தம்பிஐயா மெதுவாகச் சொன்னார். "சாட்சி. எப்பிடி உள்ளை வந்தவன்?"

"காத்திலை வராது. தண்ணியிலை வராது. தொற்றுப்பட்ட டிஸ்க் ஒண்டு வேறை மெசினிலை இருந்து வந்து இதுக்குள்ளை போனால்தான்."

இருவரும் மரியரட்ணத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஒருத்தற்றை டிஸ்க்கும் இதுக்குள்ளை போகேல்லை," என்றார் அவர். "இதை நான் மட்டும்தான் தொடுறது." அதைச் சொன்ன வேகம் நடராசாவுக்குப் பிடிக்கவில்லை.

நடராசாவுக்குத் தெரிய, குடாநாட்டில் கொம்பியூட்டர் டிஸ்க் கைமாறுகிற இடம் ஒன்றுதான். மானிப்பாயில் அருட்பிரகாசம் மாஸ்ரர் தன் வீட்டு முன்னறையில் நடத்துகிற வகுப்பு. மோட்டார் சைக்கிளில் ஆனைக்கோட்டைத் தெருவால் போனார்கள். காவல் சென்றியில் இறங்கி, உருட்டி, ஏறி, மற்றச் சென்றியில் திரும்பவும் இறங்கினார்கள். மழை வரும்போல் இருந்தது. வரவில்லை.

"அருட்பிரகாசத்துக்கும் மரியரட்ணத்துக்கும் ஆகாது, அண்ணை," என்று நடராசா காற்றோடு கத்தினான். "கடலைக் கொம்பியூட்டராலை அளக்கிறான் விசரன் எண்டு மாஸ்ரர் ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சவர். அவன்ரை கணக்கைப் பிழையாக்கிக் காட்டவேணுமெண்டு இவரே போய்..."

"தெருவைப் பார்த்து ஓடு."

அருட்பிரகாசம் மெலிந்த மனிதர். கதவைத் திறந்ததும் விசயத்தை ஊகித்துவிட்டார்.

"குருநகர் அலுவலோ? நான் அந்தப் பக்கம் கால் வைச்சே ஒரு வரியமாகுது. என்னிலை போடப் பாக்கிறியளோ?"

"உங்களிலை இல்லை, மாஸ்ரர். உங்கடை மெசினிலை," என்றான் நடராசா. "மெமரியை ஒருக்கால் பாக்கலாமோ?"

முன்னறையில் இரண்டு மெசின்கள். முதலாவதில் நடராசா கட்டளையைத் தட்டினான். 633. மற்றதிலும் தட்டினான். அங்கேயும் 633.

"ரெண்டுக்கும் ஒரே காய்ச்சல்," என்று நடராசா எழும்பினான். அவன் கண்ணில் வெற்றி தெரிந்தது. "மாஸ்ரர், ஒரு வரியமாய்க் குருநகருக்குப் போகேல்லை எண்டு எங்களுக்குச் சொன்னனீங்கள். உங்கடை காய்ச்சல் போயிருக்குதே!"

அருட்பிரகாசத்துக்குக் கோபம் வரவில்லை. களைத்துப்போய் வாங்கு ஒன்றில் உட்கார்ந்தார்.

"கொழும்பாலை பொடியன் ஒருத்தன் கொண்டுவந்த விளையாட்டு டிஸ்க்காலை வந்த வினை, தம்பி. கார் ஓட்டுற விளையாட்டு. மாடு குறுக்கை வரும், விலத்தி ஓட்டவேணும். படிக்க வந்ததுகள் எல்லாம் அதைத்தான் விளையாடினதுகள். அதுக்குப் பிறகு மெசின் ரெண்டும் நத்தை மாதிரி ஊருது. என்னெண்டு தெரியாமல் நானும் தலையிலை கை வைச்சுக்கொண்டு இருக்கிறன்."

நடராசா வாய் திறக்க முன் தம்பிஐயா கேட்டார்:

"படிக்கிற பிள்ளையள் டிஸ்க்கை வீட்டை கொண்டு போறதோ?"

"வீட்டிலை மெசின் இருந்தால்தானே கொண்டு போறதுக்கு? அப்பிடி ஒரே ஒரு ஆள்தான்."

"குருநகரோ?"

அருட்பிரகாசம் நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கேள்வி எங்கே போகிறது என்று அவருக்கும் அப்போதுதான் தட்டியிருக்க வேண்டும்.

"நல்லாய்ப் படிக்கிற பிள்ளை," என்றார். "புரோகிராம் எழுதுறதிலை பொடியளை எல்லாம் விழுத்திப்போடும். தகப்பனுக்கு என்னைப் பிடிக்காதெண்டு அவருக்குத் தெரியாமல்தான் வந்தது. வள்ளம் உடைஞ்ச நாளிலையிருந்து வரேல்லை."

பிறகு பெயரைச் சொன்னார்.

திரும்பி வரும்போது நடராசா ஒரு வார்த்தையும் பேசவில்லை. பின்னால் இருந்த தம்பிஐயா அவன் தோளைத் தட்டி, "பெற்றோல் முடிஞ்சு போச்சோ?" என்று கேட்டார். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

குருநகருக்கு வந்தபோது படலையடியில் சனம் இரண்டு மடங்காகியிருந்தது. மரியரட்ணம் காலையில் இருந்த கதிரையிலேயே இருந்தார். தேத்தண்ணி தொடாமல் ஆறிக் கிடந்தது.

"மானிப்பாய் மெசினிலும் ஏழு கிலோபைட் காணேல்லை," என்றார் தம்பிஐயா. "அங்கையிருந்து டிஸ்க் ஒண்டு இஞ்சை வந்திருக்குது."

மரியரட்ணம் விரைவாகத் தலையாட்டினார். "ஓம், ஓம். மறந்து போனன். நான்தான் அங்கையிருந்து ஒரு விளையாட்டு டிஸ்க் எடுப்பிச்சனான்."

"பாம்பு விளையாட்டுத்தானே அண்ணை?" என்று நடராசா கேட்டான். "என்னட்டையும் இருக்குது. நல்ல விளையாட்டு."

"ஓம். பாம்பு விளையாட்டு."

நடராசாவுக்கு அந்த வெற்றி கசந்தது. "கார் விளையாட்டு, அண்ணை," என்று தாழ்ந்த குரலில் சொன்னான். "குறுக்கை மாடு வரும்."

தம்பிஐயா கதிரை ஒன்றை இழுத்து மரியரட்ணத்துக்கு எதிரே இருந்தார்.

"வள்ளம் உடைஞ்ச செய்தி வந்த உடனை நீங்கள் புரோகிராமைத் திறந்து பாத்திருப்பியள். இலக்கம் ஒண்டு மாறியிருந்திருக்கும். அதை மாத்தத் தெரிஞ்ச ஆக்கள் இந்த வீட்டிலை ரெண்டு பேர். நீங்கள் மாத்தேல்லை எண்டு உங்களுக்குத் தெரியும். அண்டு தொடக்கம் பழியைத் தூக்கி மடியிலை வைச்சுக்கொண்டு இருக்கிறியள்."

"நான்தான் அடிச்சனான்," என்றார் மரியரட்ணம். குரல் உடைந்தது. "என்னைக் குடுங்கோ. நான் வாழ்ந்து முடிச்சவன். என்னைக் குடுத்துப்போட்டுப் போங்கோவன்."

"அப்பா, காணும். விடுங்கோ."

யசிந்தா அறை வாசலில் நின்றாள். திரைச்சீலையை ஒரு கையால் இறுகப் பிடித்திருந்தாள்.

"நான்தான் மாத்தினனான்," என்றாள்.

அந்த நேரத்தில் படலை கிறீச்சிட்டது. செபநாயகம் உள்ளே வந்தார். கறுப்புத் துண்டு கட்டிய கை. அவருக்குப் பின்னால் யாகப்பு, காலில் கல் கிழித்த காயத்துக்குக் கட்டுப் போட்டபடி நொண்டிக்கொண்டு வந்தான். வெளியே சனத்தின் இரைச்சல் அடங்கியது. எல்லாரும் காது கொடுத்து நின்றார்கள். செபநாயகம் முன்கதவைச் சாத்தினார்.

"சொல்லுங்கோ," என்று தம்பிஐயாவைப் பார்த்தார்.

தம்பிஐயா தொண்டையைச் செருமினார். அவர் சொற்களைத் தேடி நடராசா பார்த்ததில்லை. இப்போது தேடினார். அதற்குள் யசிந்தா கூடத்துக்கு வந்துவிட்டாள்.

"அப்பா இல்லை, மாமா. நான். நேரத்தை மூண்டு மணித்தியாலம் பிந்த வைச்சது நான்."

செபநாயகம் அவளை நோக்கித் திரும்பினார். "ஏன்?" என்றார்.

"ஸ்ரனி கேட்டவர்."

"ஆர்?"

"உங்கடை ஸ்ரனி. அவருக்குப் போக விருப்பமில்லை. உங்களுக்குச் சொல்லப் பயம். பிந்திப் போனால் தண்ணி வத்தியிருக்கும், கல்லு வெளியிலை தெரியும், யாகப்பு அண்ணை ஏலாதெண்டு திருப்பிக்கொண்டு வந்திடுவார் எண்டவர். ஒருத்தரிலும் பிழை வராது. கொஞ்ச நாள் கிடைக்கும், அதுக்குள்ளை உங்களோடை கதைக்கலாம் எண்டவர். நானும் அதைத்தான் நினைச்சன். எனக்கும் அவர் போறது விருப்பமில்லை." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "அண்டைக்குக் காத்து அப்பிடி அடிக்குமெண்டு நாங்கள் நினைக்கேல்லை. கல்லுக்கு மேலாலை அலை அடிச்சிருக்கும். ஒண்டும் தெரிஞ்சிருக்காது."

"பொய்," என்றார் செபநாயகம். "பொய் சொல்லுறாய். பிழை தெரிஞ்சிருந்தால் அவன் ஏன் வள்ளத்திலை ஏறினவன்? வாய் இல்லையோ அவனுக்கு?"

அவர் ஓரடி எடுத்து வைத்தார். மரியரட்ணம் எழுந்து மகளுக்கு முன்னால் வந்தார். நடராசா தன்னையறியாமல் கதிரையின் முதுகைப் பற்றினான்.

"சொன்னவன், சம்மாட்டியார்."

எல்லாரும் திரும்பினார்கள். யாகப்பு சுவரோடு சரிந்து நிலத்தில் உட்கார்ந்திருந்தான்.

"ஏறேக்கை என்ரை கையைப் பிடிச்சவன். 'அண்ணை, தண்ணி வத்திப்போச்சு, நேரம் பிழை, இண்டைக்கு வேண்டாம்' எண்டவன். மூண்டு தரம் சொன்னவன். நான் சிரிச்சனான்." யாகப்புவின் வாய் கோணியது. "நீங்கள்தானே எனக்குச் சொல்லிவிட்டனீங்கள். அவன் ஏதும் சாட்டுச் சொல்லுவான், காது குடுக்காதை, தூக்கிப் போட்டெண்டாலும் கொண்டு போ எண்டு. நான் தூக்கித்தான் போட்டனான், சம்மாட்டியார். இந்தக் கையாலை தூக்கித்தான் போட்டனான்."

கூடத்தில் காலையில் போட்ட மெசின் மட்டும் இரைந்துகொண்டிருந்தது. அதை நிற்பாட்ட வேண்டும் என்று நடராசாவுக்குத் தோன்றியது. கை போகவில்லை.

செபநாயகம் கதிரை ஒன்றைத் தடவிப் பிடித்து இருந்தார். இவ்வளவு பெரிய மனிதர் இருக்கும்போது இவ்வளவு சின்னவராகத் தெரிவார் என்று நடராசா நினைத்திருக்கவில்லை. அவர் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

வெளியே யாரோ படலையில் தடியால் தட்டினார்கள். "சம்மாட்டியார்! என்னவாம்?"

செபநாயகம் எழும்பினார். முகத்தைப் புறங்கையால் துடைத்தார். நடராசாவைப் பார்த்து, "தம்பி, நீதானே மெசின் தெரிஞ்ச ஆள்? என்னோடை வா," என்றார்.

விறாந்தை விளிம்பில் நின்று அவர் சொன்னார்: "மரியரட்ணத்திலை பிழை இல்லை. மெசினுக்குக் காய்ச்சல் மாதிரி ஒரு வருத்தம். அதுதான் பிழைச்சது. இந்தத் தம்பி பாத்தவர். கேளுங்கோ."

அத்தனை கண்களும் நடராசாவின் மேல் விழுந்தன. செத்த மற்ற இரண்டு பொடியன்களின் தகப்பன்மாரும் அங்கே நின்றார்கள். நடராசா தம்பிஐயாவைத் திரும்பிப் பார்த்தான். பொய்க்கு எந்நாளும் துணை போகாத அந்த மனிதர் வேறெங்கோ பார்த்தார்.

"ஓம்," என்றான் நடராசா. "மெசினுக்கு வைரஸ் எண்டு ஒரு வருத்தம். ஏழு கிலோபைட் காணேல்லை."

அது விளங்கியவர் யாருமில்லை. விளங்காததாலேயே நம்பினார்கள். தடி பிடித்த கைகள் மெல்லத் தாழ்ந்தன. ஒரு பெண் ஓவென்று அழத் தொடங்கினாள். காலையில் துப்பிய கிழவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

செபநாயகம் திரும்ப உள்ளே வந்தார். யசிந்தா நின்ற இடத்திலேயே நின்றாள்.

"ஊருக்கு அந்த மறுமொழி காணும்," என்று அவளிடம் சொன்னார். "அவன்ரை தாய்க்குக் காணாது. சாப்பிடாமல் கிடக்கிறாள். ஏன் செத்தவன் எண்டு சுவரைப் பாத்துக் கேட்டுக்கொண்டு கிடக்கிறாள்."

"வேண்டாம் செபநாயகம்," என்றார் மரியரட்ணம். "அவள் சின்னப் பிள்ளை."

"தெரியும்." செபநாயகம் அவரைப் பார்க்காமலே சொன்னார். "வா, பிள்ளை. உன்ரையை நீ சொல்லு. என்ரையை நான் சொல்லுறன். என்னாலை தனியச் சொல்லேலாது."

யசிந்தா தகப்பனின் கையை ஒருமுறை தொட்டுவிட்டு இறங்கி நடந்தாள்.

நடராசாவும் தம்பிஐயாவும் படலையடியில் நின்று பார்த்தார்கள். ஒழுங்கையில் செபநாயகம் முன்னால் போனார், அவள் கொஞ்சம் பின்னால் போனாள். வலைகள் காயப்போட்டிருந்த வெளியைத் தாண்டி, தன் வீட்டு வாசலுக்குப் போனதும் அவர் நின்றுவிட்டார். கதவில் கையை வைத்தார், எடுத்தார். அவள் வந்து பக்கத்தில் நின்ற பிறகுதான் தட்டினார்.